ஒரு நாளைக்கு எத்தனை கப் காபி? கப்பை விட்டுவிட்டு மில்லிகிராமில் பேசலாம்

#1 · அளவுகோல்

"நாளைக்கு எத்தனை கப் காபி குடிக்கலாம்?" என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் இரண்டு என்கிறார், இன்னொருவர் நான்கு என்கிறார், கேட்டவருக்குக் கடைசியில் ஒன்றும் விளங்குவதில்லை. காரணம், கப் என்பது ஓர் அளவே அல்ல. ஒருவர் கையில் இருப்பது 100 மில்லி, இன்னொருவர் கையில் 350 மில்லி. ஒன்றில் 7 கிராம் தூள் இறங்கியிருக்கும், மற்றதில் 20 கிராம். உடம்பு பார்ப்பதெல்லாம் காஃபின் எத்தனை மில்லிகிராம் போனது, எத்தனை மணிக்குப் போனது, எதில் வடிகட்டினோம், எவ்வளவு சூட்டில் குடித்தோம், அதோடு என்ன சாப்பிட்டோம் என்பதைத்தான். இந்த இழையில் அந்த வரிசையிலேயே பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் வரம்பு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளில் 400 மி.கி., ஒரே வேளையில் 200 மி.கி. வரை கவலை இல்லை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 200 மி.கி. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் பெரியவர்களுக்கு அதே 400-ஐத்தான் சொல்கிறது.

அடுத்து, நம் கப்பில் இருப்பதைக் கணக்குப் போடும் முறை. காபிக் கொட்டையில் அராபிகா, ரோபஸ்டா என்று இரண்டு முக்கிய வகை. அராபிகா கொட்டையின் எடையில் சுமார் 1.2 சதவீதம் காஃபின். ரோபஸ்டாவில் சுமார் 2.2 சதவீதம். காபி இறக்கும்போது அதில் குத்துமதிப்பாக 80 சதவீதம் தண்ணீருக்கு வந்துவிடும். ஆக:

தூளின் எடை × சதவீதம் × 0.8

15 கிராம் அராபிகா என்றால் 180 மி.கி., அதில் 80 சதவீதம் 144 மி.கி. அதே 15 கிராம் ரோபஸ்டா என்றால் 330-இல் 80 சதவீதம், 264 மி.கி. ஒரே கப், ஒரே தூள் அளவு, ஒரே நிறம். ஆனால் இரண்டாவது கப் ஒன்றே ஒரு வேளைக்கான 200 மி.கி. வரம்பைத் தாண்டிவிட்டது. கொட்டைக்குக் கொட்டை வித்தியாசம் உண்டு என்பதால் இந்தக் கணக்கு 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும். அப்படியிருந்தும் "ரெண்டு கப்" என்று சொல்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

#2 · நுரைதிரள்

தராசு வைத்து எத்தனை பேர் காபி போடுகிறார்கள்? எல்லோருக்கும் ஸ்பூன் கணக்குதான். இன்னொன்று, கறுக வறுத்த தூளில் "கிக்" அதிகம், இளவறுவலில் குறைவு என்பதும் சரிதானே?

#3 · வறுவல்_வாசம்

வறுவல் பற்றிய அந்த நம்பிக்கை சரியில்லை. கறுக வறுத்ததில் கூடுவது கசப்பு. காஃபின் வறுவல் சூட்டுக்கு ஓரளவு அசையாமல் நிற்கும். எடைக்கு எடை பார்த்தால் இளவறுவலுக்கும் கருவறுவலுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. வறுக்க வறுக்கக் கொட்டை ஊதி லேசாகிவிடும். அதனால் ஸ்பூனால் அளந்தால் கருவறுவலில் எடை குறைந்து காஃபினும் கொஞ்சம் குறையும். பலர் நினைப்பதற்கு நேர் எதிர்.

ஸ்பூன் கணக்கில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். 15 மில்லி பிடிக்கும் பெரிய ஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் 5 கிராமை ஒட்டி வரும். அதையே குவித்து எடுத்தால் 8 கிராம்கூட வரும். மூன்று ஸ்பூன் போடுகிறவருக்கு 15 கிராமா, 24 கிராமா என்பது கையைப் பொறுத்தது. ஒருமுறை தராசில் வைத்து உங்கள் ஸ்பூன், உங்கள் கை, எத்தனை கிராம் என்று பார்த்துக் குறித்துவிடுங்கள். அதற்கப்புறம் ஸ்பூனே போதும்.

டிகாக்‌ஷன் இறக்கிவிட்டு அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றுவது பற்றியும் கேட்பார்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். காஃபின் சுடுநீரில் சுலபமாகக் கரையும். முதல் இறக்கத்திலேயே பெரும்பகுதி வந்துவிடும். இரண்டாம் இறக்கத்தில் வருவது பெரும்பாலும் கசப்பும் துவர்ப்பும். ஆகவே "ரெண்டாம் டிகாக்‌ஷன்தானே" என்று மாலையில் குடிப்பதில் காஃபின் குறைவுதான். ஆனால் அதைக் கெட்டியாக்க முதல் டிகாக்‌ஷனில் கொஞ்சம் கலந்துவிட்டால் கணக்கு உதைக்கும்.

இன்ஸ்டன்ட் தூள் தனிக் கணக்கு. அது ஏற்கெனவே இறக்கிக் காய்ச்சிய காபியின் வற்றல். 2 கிராம் போட்டால் சுமார் 60 மி.கி. காஃபின். அதற்கு 0.8-ஆல் பெருக்க வேண்டாம், முழுதும் கரைந்துவிடும்.

#4 · அளவுகோல்

நன்றி. காபி அல்லாதவையும் இதே 400-க்குள்தான் அடங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். 240 மில்லி தேநீரில் சுமார் 45 முதல் 50 மி.கி., 250 மில்லி எனர்ஜி டிரிங்கில் வழக்கமாக 80. பாராசிட்டமாலோடு காஃபின் சேர்த்து வரும் தலைவலி மாத்திரைகளில் மாத்திரைக்கு 65 மி.கி. இரண்டு போட்டால் 130. மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

#5 · மருந்துமேசை

அளவுக்கு அடுத்தது நேரம். குடித்த காஃபின் ஏறக்குறைய முழுதும் 45 நிமிடத்துக்குள் ரத்தத்துக்கு வந்துவிடும். உச்சம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள். அதன் பிறகு கல்லீரலில் சிஒய்பி1ஏ2 என்ற நொதி அதை உடைக்கிறது. பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம். ஆனால் சராசரியை நம்பி ஏமாறக் கூடாது. ஆரோக்கியமான பெரியவர்களிடையே இது ஒன்றரை மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை போகிறது.

பகல் 2 மணிக்கு 200 மி.கி. குடித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். 5 மணி நேரக் கணக்கில் இரவு 7-க்கு 100, நள்ளிரவில் 50. பாதியாகும் நேரம் 10 மணி என்று உள்ளவருக்கு நள்ளிரவிலும் 100 மி.கி. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டத்தட்ட ஒரு கப் காபியைக் குடித்துவிட்டுத் தலையணையில் தலை வைப்பதற்குச் சமம்.

யாருக்கு இப்படி நீளும்? கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் 15 மணி வரை போகும். ஃப்ளூவாக்ஸமின் என்ற மனச்சோர்வு மருந்து, சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக் இரண்டும் அந்த நொதியைக் கட்டிப்போடும். கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் மெதுவாகும். பிறந்த குழந்தைக்கு அந்த நொதியே முதிர்ந்திருக்காது, 80 மணி நேரம் என்று நாள் கணக்கில் தங்கும். பாலூட்டும் தாய்க்கு வரம்பு வைத்திருப்பது அதனால்தான்.

புகைப்பவர்களுக்கு இது தலைகீழ். புகையில் உள்ள பொருள்கள் அந்த நொதியைத் தூண்டுவதால் காஃபின் பாதி நேரத்தில் வெளியேறிவிடும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒருவர் புகையை நிறுத்தினால் சில நாளிலேயே நொதி பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும். காபி அளவு மாறாது. ஆனால் ரத்தத்தில் காஃபின் இரு மடங்காகும். படபடப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும். அவர் அதை நிகோடின் ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைத்துவிடுவார். புகையை நிறுத்தும் வாரத்தில் காபியைப் பாதியாக்குங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் எத்தனையோ பேர் தப்பிப்பார்கள்.

#6 · இரவுப்பாளி

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காபி குடித்துவிட்டு, படுத்த ஐந்தாவது நிமிடம் குறட்டை விடுகிறவர்கள் இருக்கிறார்களே. அவர்களுக்குக் காஃபின் ஏறுவதில்லையா?

#7 · மருந்துமேசை

ஏறுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்துகொண்டே வரும், அது தன் ஏற்பியில் போய் உட்கார உட்காரத் தூக்கம் தள்ளும். காஃபின் அந்த இருக்கையைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அடினோசினை அழிப்பதில்லை. தினமும் குடிப்பவர்களுக்கு மூளை ஓரளவு பழகிவிடும் என்பதால் கண் அசருவது தடைபடாமல் இருக்கலாம். ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறையும், இடையில் விழிப்பு வரும், காலையில் அதெல்லாம் நினைவிலும் இருக்காது.

2013-இல் வந்த ஆய்வு ஒன்றில் 400 மி.கி. காஃபினைப் படுக்கும் நேரத்திலும், 3 மணி முன்பும், 6 மணி முன்பும் கொடுத்துப் பார்த்தார்கள். 6 மணி முன்பு கொடுத்தபோதும் மொத்தத் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. "தூங்கிவிடுகிறேனே" என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. இரண்டு வாரம் மதியத்துக்கு மேல் காபி இல்லாமல் இருந்து, காலையில் அலாரம் இல்லாமல் எழ முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு: பணியின் தொடக்கத்தில் குடியுங்கள், முடிவில் வேண்டாம். நடுவில் தூக்கம் தள்ளினால் 100 மி.கி. அளவுக்கு மளமளவென்று குடித்துவிட்டு உடனே 15 முதல் 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். காஃபின் மூளைக்கு எட்டும் நேரத்தில் குட்டித் தூக்கம் அடினோசினைக் கொஞ்சம் கழுவியிருக்கும். அரை மணிக்கு மேல் தூங்கினால் ஆழ்தூக்கத்தில் இறங்கி, எழும்போது தலை கனக்கும். அலாரம் கட்டாயம்.

#8 · கொழுப்புக்கணக்கு

இதுவரை காஃபின் பற்றியே பேசிவிட்டோம். கொலஸ்ட்ரால் உள்ளவர்களுக்கு அதைவிட முக்கியம் வடிகட்டி.

காபிக் கொட்டையில் எண்ணெய் உண்டு. அந்த எண்ணெயில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு பொருள்கள். கல்லீரல் கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றிச் செலவழிக்கும் வேலையைக் கஃபெஸ்டால் மட்டுப்படுத்துகிறது. விளைவு, ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரால் ஏறும். நார்வேயின் ட்ரோம்சோ இதய ஆய்வு 1983-இல் காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. அங்கே அப்போது பரவலாக இருந்தது தூளைக் கொதிக்கவைத்து, மண்டி அடியில் படிந்ததும் மேலாக ஊற்றிக் குடிக்கும் முறை. எண்ணெய் முழுதும் கப்பில்.

கொதிக்கவைத்த காபி, ஃபிரெஞ்ச் பிரஸ் (தூளை வெந்நீரில் ஊறவைத்து உலோகச் சல்லடையால் அமுக்கும் குடுவை) காபி இரண்டிலும் ஒரு கப்பில் சுமார் 3 முதல் 4 மி.கி. கஃபெஸ்டால் இருக்கும். பேப்பர் ஃபில்டரில் இறக்கியதில் 0.1 மி.கி. அளவுதான். தினமும் 10 மி.கி. கஃபெஸ்டால் சில வாரம் உள்ளே போனால் மொத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு சுமார் 5 மி.கி. ஏறும். நாளைக்கு ஐந்து கப் ஃபிரெஞ்ச் பிரஸ் குடிப்பவருக்கு 8 முதல் 10 வரை ஏறியிருக்கும், அது காபியால் என்று அவருக்குத் தெரியாது. நிறுத்தினால் சில வாரத்தில் இறங்கிவிடும்.

கண்ணால் பார்க்க வேண்டுமா? ஃபிரெஞ்ச் பிரஸ் காபியை வெள்ளைக் கப்பில் ஊற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். மேலே மினுமினுப்பாக வட்டம் வட்டமாக எண்ணெய் மிதக்கும். அதே காபியைப் பேப்பர் வழியாக இன்னொரு கப்பில் வடித்தால் அந்த மினுக்கம் போய்விடும். பேப்பரைக் காயவைத்துப் பாருங்கள், எண்ணெய்க் கறை பளபளவென்று நிற்கும்.

#9 · நுரைதிரள்

உலோக ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறக்கும் டிகாக்‌ஷன்? எஸ்பிரெஸ்ஸோ?

#10 · கொழுப்புக்கணக்கு

இரண்டும் நடுவில். உலோகத் துளை எண்ணெயைத் தடுக்காது, ஆனால் அமுக்கி வைத்த தூள் படுகையே கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிரெஸ்ஸோவில் ஒரு சின்னக் கப்புக்கு 1 முதல் 2 மி.கி. வரை வரும். அளவு சிறியது என்பதால் ஒன்றிரண்டு குடிப்பவருக்குப் பெரிய விஷயம் இல்லை. ஐந்தாறு குடித்தால் சேர்ந்துவிடும்.

கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர் உலோக ஃபில்டரை விட வேண்டியதில்லை. இறங்கிய டிகாக்‌ஷனை ஒரு பேப்பர் ஃபில்டர் வழியாக மறுபடி வடியுங்கள். செய்யும்போது வரும் தொல்லை: கெட்டி டிகாக்‌ஷன் ஆறிவிட்டால் பேப்பர் அடைத்துக்கொண்டு இறங்கவே இறங்காது. சூடாக இருக்கும்போதே, பேப்பரை வெந்நீரில் நனைத்துவிட்டு ஊற்ற வேண்டும். மண்டி பேப்பரில் விழாமல் மேல்வடியாக ஊற்றினால் இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். துணி வடிகட்டியைப் பேப்பருக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்ஸ்டன்ட் காபியில் கஃபெஸ்டால் மிகக் குறைவு.

#11 · வறுவல்_வாசம்

சூட்டைப் பற்றி இரண்டு வரி. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991-இல் சிறுநீர்ப்பைப் புற்றுநோயை முன்னிட்டுக் காபியைச் சந்தேகப் பட்டியலில் வைத்தது. 2016-இல் மறுபடி எல்லாவற்றையும் பார்த்து, அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே கூட்டத்தில் 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று வகைப்படுத்தியது. ஆக, குற்றவாளி காபி அல்ல, கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது.

90 டிகிரியில் உள்ள 150 மில்லி காபியில் குளிர்ந்த பால் 50 மில்லி சேர்த்தால் சுமார் 69 டிகிரி. இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பாலையும் கொதிக்கவைத்து ஊற்றினால் 69-க்கு வர நேரமாகும். நுரைபொங்க ஆற்றி ஊற்றுவது ருசிக்கு மட்டும் இல்லை, தொண்டைக்கும் நல்லது. மூடிபோட்ட குடுவையிலிருந்து நேரே உறிஞ்சுவதுதான் மோசம், சூடு உதட்டில் தெரியாமல் உள்ளே இறங்கிவிடும்.

அக்ரிலமைடு (வறுக்கும்போது உருவாகும், புற்றுநோய்ச் சந்தேகம் உள்ள பொருள்) பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வறுவலின் ஆரம்பக் கட்டத்தில் உருவாகி, வறுக்க வறுக்கக் குறைந்துவிடும். இளவறுவலில் கூடுதல், கருவறுவலில் குறைவு. காபிக்காக மட்டும் இதில் பயப்பட வேண்டியதில்லை என்பது என் கருத்து.

#12 · மருந்துமேசை

சாப்பாட்டோடு காபி. இரத்தசோகை உள்ளவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள்.

காபியில் உள்ள பாலிஃபீனால்கள் தாவர உணவிலிருந்து வரும் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும், குடல் அதை உறிஞ்ச முடியாது. 1983-இல் நடந்த ஆய்வு ஒன்றில் சாப்பாட்டோடு ஒரு கப் காபி குடித்தபோது இரும்பு உறிஞ்சப்படுவது 39 சதவீதம் குறைந்தது, தேநீரில் 64 சதவீதம். அதைவிடக் கவனிக்க வேண்டியது இது: சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்பு குடித்த காபியால் எந்தக் குறைவும் இல்லை. சாப்பிட்டு ஒரு மணி கழித்துக் குடித்தபோது, கூடவே குடித்த அதே அளவுக்குக் குறைந்தது. "சாப்பிட்டு ஒரு மணி நேரம் விட்டுக் குடிங்க" என்ற அறிவுரை பாதிக் கிணறுதான். முன்னால் குடித்தால் ஒரு மணி, பின்னால் என்றால் குறைந்தது இரண்டு மணி. இரும்பு மாத்திரைக்கும் அதே இடைவெளி விடுங்கள்.

தைராய்டு மாத்திரையைத் தண்ணீரில் போட்டுக்கொண்டு, காபிக்கு முன் 30 முதல் 60 நிமிடம் விட வேண்டும். மாத்திரையும் காபியும் ஒன்றாகப் போகிறவருக்கு டிஎஸ்எச் (தைராய்டு குறைவாக இருந்தால் ஏறும் ரத்தப் பரிசோதனை எண்) இறங்கவே இறங்காது, மாத்திரை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் அலெண்ட்ரோனேட்டைக் காபியோடு விழுங்கினால் உடம்பில் சேர்வது சுமார் 60 சதவீதம் குறைந்துவிடும். அது வெறும் தண்ணீரில்தான்.

மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள் காபியைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. காஃபின் சிறுநீர் வழியாக லித்தியத்தைக் கூடுதலாக வெளியேற்றுகிறது, நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். குளோசபின் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்களுக்கு வேறு வழியில் சிக்கல்: இரண்டும் ஒரே நொதியை நம்பியிருப்பதால், காபி கூடினால் மருந்தின் அளவு ஏறும். காபி அளவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

#13 · அளவுகோல்

பரிசோதனைக்குப் போகும் நாள் பற்றியும் சேர்த்துவிடுகிறேன், தப்பான எண்ணை வைத்து மருந்து ஆரம்பித்துவிடக் கூடாது என்பதற்காக.

ரத்த அழுத்தம் பார்க்க அரை மணி முன்பிருந்தே காபி கூடாது. 200 முதல் 300 மி.கி. காஃபின், ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவைச் சராசரியாக 8, கீழ் அளவை 6 புள்ளி ஏற்றும், இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். தினமும் குடிப்பவர்களுக்கு இந்த ஏற்றம் மட்டுப்படும், எல்லோருக்கும் அல்ல. உங்களுக்கு எப்படி என்று தெரிய வேண்டுமானால் குடிக்கும் முன் ஒருமுறை, குடித்து 45 நிமிடம் கழித்து ஒருமுறை அளந்து, இதை மூன்று நாள் செய்யுங்கள்.

வெறும் வயிற்றுச் சர்க்கரைக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காபியும் கூடாது. தண்ணீர் மட்டும். காஃபின் அந்த நேரத்துக்கு இன்சுலின் வேலையை மந்தமாக்கும்.

மருந்து செலுத்திச் செய்யும் இதய ஸ்ட்ரெஸ் டெஸ்டுக்கு 12 முதல் 24 மணி நேரம் முன்பிருந்தே காபி, தேநீர், சாக்லேட், டீகாஃப் (காஃபின் நீக்கிய காபி) எதுவும் கூடாது. அங்கே செலுத்துவது அடினோசின் வகை மருந்து. காஃபின் அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தால் மருந்து வேலை செய்யாது, அடைப்பு இருந்தும் இல்லாதது போலத் தெரியும்.

#14 · இரவுப்பாளி

வெறும் வயிற்றில் குடித்தால் புண் வரும் என்பது?

#15 · மருந்துமேசை

வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் ஹெலிகோபேக்டர் கிருமியும் வலிநிவாரணி மாத்திரைகளும். காபி அமிலச் சுரப்பைக் கூட்டும், உணவுக்குழாயின் கீழ் வால்வைச் சிலருக்குத் தளர்த்தும். எதுக்களிப்பு உள்ளவருக்கு எரியும், இல்லாதவருக்கு ஒன்றும் செய்யாது. அப்படி எரிபவர் டீகாஃபுக்கு மாறினாலும் முழுதும் போகாது, ஏனென்றால் அமிலத்தைத் தூண்டுவது காஃபின் மட்டும் அல்ல. குடித்த நாலாவது நிமிடமே மலக்குடல் அசையத் தொடங்குவதும் அப்படித்தான், டீகாஃபிலும் சிலருக்கு அது நடக்கும்.

#16 · கொழுப்புக்கணக்கு

நன்மைப் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, காபியே குடிக்காதவர்களோடு ஒப்பிட்டால் நாளைக்கு மூன்று நான்கு கப் குடிப்பவர்களிடம் இறப்பு அபாயம் 17 சதவீதம் குறைவு என்றது. கல்லீரல் இறுக்கம், கல்லீரல் புற்றுநோய், இரண்டாம் வகை நீரிழிவு, பார்க்கின்சன் எல்லாவற்றிலும் இதே திசை. நீரிழிவில் டீகாஃபுக்கும் அந்த நன்மை தெரிவதால், அது காஃபினால் வருவதல்ல என்று தோன்றுகிறது.

#17 · அளவுகோல்

இதில் ஒரு தடுப்பு போட வேண்டியிருக்கிறது. இவை பெரும்பாலும் ஆட்களைக் கவனித்து எழுதியவை, காபி கொடுத்துச் சோதித்தவை அல்ல. உடம்பு முடியாதவர்கள் தாமாகவே காபியைக் குறைப்பார்கள். அப்போது "குடிக்காதவர்" பக்கத்தில் நோயாளிகள் சேர்ந்துவிடுவார்கள். பழைய ஆய்வுகளில் காபி குடிப்பவர்களில் புகைப்பவர்கள் அதிகமாக இருந்ததால் காபிக்குக் கெட்ட பெயர் வந்தது. அதே தவறு நல்ல பக்கத்திலும் நடக்கலாம். குடிக்காதவர் நன்மைக்காக ஆரம்பிக்க வேண்டியதில்லை. குடிப்பவர் பயந்து நிறுத்த வேண்டியதும் இல்லை.

#18 · கொழுப்புக்கணக்கு

ஒப்புக்கொள்கிறேன். கல்லீரல் விஷயத்தில் மட்டும் சான்று கொஞ்சம் கெட்டி என்று நினைக்கிறேன், அளவு கூடக் கூட நன்மையும் கூடுவது பல ஆய்வுகளில் ஒரே மாதிரி வருகிறது.

இதயத்துக்குச் சோதித்தே பார்த்தது ஒன்று உண்டு. 2023-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 100 பேருக்கு உடம்பில் கருவி மாட்டி, சில நாள் காபி குடிக்கவும் சில நாள் தவிர்க்கவும் குலுக்கல் முறையில் சொன்னார்கள். மேலறையில் வரும் தப்புத் துடிப்பு காபியால் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறையில் வருவது கூடியது. காபி நாளில் சுமார் ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள், 36 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள். காபி என்றால் என்ன என்பதை இந்த ஒரே ஆய்வு படம்பிடித்துக் காட்டுகிறது.

#19 · நுரைதிரள்

கர்ப்பிணிக்கு 200 என்பது ஒரு வேளைக்கா? மேலே பெரியவர்களுக்கு வேளைக்கு 200 என்று இருந்ததால் குழப்பம்.

#20 · அளவுகோல்

நாள் முழுவதற்கும் 200. தேநீர், சாக்லேட், மாத்திரை எல்லாம் சேர்த்து. தாய் உடம்பில் காஃபின் மெதுவாக இறங்குகிறது, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்கும் போகிறது, அங்கே அதை உடைக்க நொதி இல்லை. கூடக் கூடக் குழந்தையின் பிறப்பெடை குறைகிறது. 10 கிராம் அராபிகாவில் இறக்கிய ஒரு கப் 96 மி.கி. அதோடு ஒரு கப் தேநீர் என்று நின்றால் பாதுகாப்பாக இருக்கும்.

#21 · வறுவல்_வாசம்

சர்க்கரையை யாரும் சொல்லவில்லை. கப்புக்கு 10 கிராம் என்றால் மூன்று கப்பில் 30 கிராம். உலகச் சுகாதார அமைப்பு ஒரு நாளுக்கு இயன்றவரை 25 கிராமுக்குள் என்கிறது. காபியிலேயே அது தீர்ந்துவிட்டது.

#22 · மருந்துமேசை

குறைக்க நினைப்பவர்களுக்கு. ஒரே நாளில் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாள் மண்டையைப் பிளக்கும். மொத்தம் 2 முதல் 9 நாள். சோர்வு, எரிச்சல், கவனம் நிலைக்காமை எல்லாம் கூட வரும். நாளைக்கு 100 மி.கி. மட்டும் பழகியவருக்கும் இது வரலாம். விடுமுறை நாளில் தாமதமாக எழுபவருக்கு வரும் தலைவலிக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சுலபமான வழி, கப்பின் எண்ணிக்கையைத் தொடாமல் தூளை மாற்றுவது. நாளைக்கு 24 கிராம் தூள் போடுகிறவர் முதல் நான்கு நாள் 18 கிராம் வழக்கமான தூள், 6 கிராம் டீகாஃப் தூள் என்று கலக்கட்டும். அடுத்த நான்கு நாள் 12-க்கு 12. அதற்கடுத்து 6-க்கு 18. ருசி, சூடு, நேரம் எல்லாம் அப்படியே இருப்பதால் கை தேடாது. தலைவலி வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். மாலைக் கப்பில் முதலில் குறையுங்கள், காலைக் கப் கடைசி.

கெடுவது எங்கே என்றால், தலைவலிக்குக் காஃபின் கலந்த மாத்திரை போடும்போது. இரண்டு மாத்திரையில் 130 மி.கி. போய்விட்டால் மறுபடி முதல் படி.

#23 · இரவுப்பாளி

ஒரு கணக்கு சரிபார்த்துத் தாருங்கள். காலை 6.30-க்கு 18 கிராம் தூள், 11 மணிக்கு 12 கிராம், இரண்டும் அராபிகாவும் ரோபஸ்டாவும் பாதிக்குப் பாதி. மாலை 4-க்கு இன்ஸ்டன்ட் 2 கிராம். படுப்பது இரவு 10.

#24 · அளவுகோல்

பாதிக்குப் பாதி என்றால் சராசரி 1.7 சதவீதம். காலை 245 மி.கி., 11 மணிக்கு 163, மாலை 60. மொத்தம் 468. நாள் வரம்பும் தாண்டியது, காலை வேளை வரம்பும் தாண்டியது. 5 மணி நேரக் கணக்கில் இரவு 10-க்கு ரத்தத்தில் மீதி இருப்பது காலையிலிருந்து 29, பதினொன்றிலிருந்து 36, மாலையிலிருந்து 26, சேர்ந்து 91.

தூளை மட்டும் முழு அராபிகாவாக மாற்றுங்கள், ஸ்பூன் அளவு அப்படியே இருக்கட்டும். 173, 115, 60. மொத்தம் 348. படுக்கும்போது மீதி 71. மாலை 4 மணி இன்ஸ்டன்டை டீகாஃப் ஆக்கினால் 45-ஐ ஒட்டி நிற்கும். டீகாஃப் என்றாலும் சுழியம் அல்ல. ஐரோப்பிய விதிப்படி வறுத்த டீகாஃபில் 0.1 சதவீதம் வரை காஃபின் இருக்கலாம், 10 கிராமுக்கு அதிகபட்சம் 10 மி.கி. முதலில் தூளை மாற்றி ஒரு வாரம் விடுங்கள், அடுத்த வாரம் மாலைக் கப்பை மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் தலைவலி வரும்.